ஐம்பத்து மூன்று ஓம்

மூன்றாவது தடவையாக
அதே ஸ்திரிக்கைப் பெட்டியோடு வந்து நிற்கிறார்
கொரற்றி அக்கா.
ஆமர் வீதியில் மழை.
பெட்டிக்கு பொலித்தீன் சுற்றியிருந்தார்.
அவருக்குக் குடை இல்லை.

"சூடேறுதில்லத் தம்பி. பேங்க்காரர்ர சட்டை நாப்பது கிடக்கு.
காசை வாங்கிப்போட்டு என்னத்தைத் திருத்தின நீ?"

முதல் தடவை வயரை மாற்றினேன்.
இரண்டாம் தடவை, உண்மையைச் சொன்னால்,
துடைத்துக் கொடுத்துவிட்டு
இருநூறு ரூபா வாங்கினேன்.

இன்றைக்கு அவர் கண்முன்னே மீற்றரை மாட்டினேன்.
இருநூற்று இருபத்தெட்டு வோல்ற்று.
நான்கு தசம் மூன்று அம்பியர்.
ஒன்றை மற்றதால் வகுத்தால் தடை: ஐம்பத்து மூன்று ஓம்.
இரண்டையும் பெருக்கினால் வலு: தொள்ளாயிரத்து எண்பது வாற்று.
தகட்டில் ஆயிரம் என்று போட்டிருக்கிறது.
இருபதுக்காக யாரும் வழக்குப் பேசுவதில்லை.
ஈர விரலை வைத்தேன், சீறியது.

"இஞ்ச சீறும். அங்க சீறாது."

பெட்டி ஆள் பார்த்துச் சூடேறுமா என்று
கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை.
எட்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு
கூடவே போனேன்.

கொட்டாஞ்சேனையில், கோயில் மதிலுக்குப் பின்னால்,
ஒரு ஆள் சரிந்து நடக்கிற சந்து.
பதினொரு கதவு. பதினொரு தொலைக்காட்சி,
ஒரே நாடகத்துக்கு எல்லாமே அழுதுகொண்டிருந்தன.
தெருவிலிருந்து வருகிற வயர்
வீட்டுக்கு வீடு கிள்ளப்பட்டு, முடிச்சுப் போடப்பட்டு,
மெலிந்து மெலிந்து
கடைசிக் கதவில்தான் அக்காவிடம் வந்து சேர்கிறது.

மாட்டினேன்.
நூற்றி எண்பத்து நான்கு.
மூன்று தசம் நான்கு ஏழு.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வகுத்தேன்.
ஐம்பத்து மூன்று.
கடையில் சொன்ன அதே சொல்.
பிறகு பெருக்கினேன்.
அறுநூற்று முப்பத்தெட்டு.

திரும்பவும் பெருக்கினேன்.
அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைச்சல்,
வலுவில் மூன்றில் ஒன்றுக்கும் மேலே போய்விட்டது.
அழுத்தம் போகும்போது
ஓட்டத்தையும் கையில் பிடித்துக்கொண்டு போகிறது.

"அப்ப பெட்டியில பிழையில்லை?"
"இல்லை."
"என்னிலயும் இல்லை?"
"இல்லை அக்கா."

தொலைபேசி அடித்தது.
நாளைக் காலை ஆறு மணிக்கே வேண்டுமாம். ஓம்.
காலருக்குக் கொஞ்சம் கூடக் கஞ்சியாம். ஓம்.
போன மாதக் காசு அடுத்த மாதமாம்.
கொஞ்சம் பொறுத்து, ஓம்.
எங்கள் பக்கத்தில் சம்மதத்துக்கு அதுதான் சொல்.
அதே சொல்லால்தான் தடையையும் அளக்கிறோம்.
இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"ராவு ரெண்டு மணிக்குப் போட்டுப் பாருங்கோ,
எல்லாரும் படுத்த பிறகு வோல்ற்று ஏறும்" என்றேன்,
ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி.

"ஒன்பது வருசமா ரெண்டு மணிக்குத்தான் எழும்புறன்" என்றார்.
"ஏன் எண்டுதான் தெரியாமல் கிடந்தது.
இந்த முறை கலியாண வீட்டு ஓடர்,
பின்னேரமும் போட வேண்டி வந்திட்டுது."

இருநூறு ரூபாவை நீட்டினேன். வாங்கவில்லை.
"சட்டையைக் கழற்று. கொலர் கிடக்கிற கோலம்."

பெனியனோடு சுவரில் சாய்ந்து நின்றேன்.
அறுநூற்று முப்பத்தெட்டு வாற்றில்
ஒரு கொலர் நிமிர எவ்வளவு நேரம் என்று
கணக்குப் போட ஆளில்லை.
அவர் இரண்டு முறை அழுத்தினார்,
மூன்றாவது முறை உடம்பின் பாரத்தையும் போட்டார்.
வயரில் வராத மிச்சம் அவர் தோளில் இருந்து வந்தது.

முதுகுக்கு இதமாக இருந்தது சுவர்.
சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது:
மழை நாளில் சுவர் ஏன் சூடாக இருக்கிறது?

திரும்பிப் பார்த்தேன்.
சாந்துக்குள் புதைத்த முடிச்சு.
அதன் மேல் விளிம்பில், அடுத்த வீட்டுப் பூனை
கால்களை மடித்துப் படுத்திருந்தது.
வராத நாற்பத்து நான்கு வோல்ற்றில் ஒரு பங்கு
அதற்குக் கீழேதான்
யாருடைய சட்டையையும் தேய்க்காமல்
எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, பெட்டியை நிப்பாட்டுங்கோ."

"ஒரு கை மிச்சம் கிடக்குத் தம்பி" என்றார்.